பேஸை ஏற்றுவது வேறு, உண்டாக்குவது வேறு

பேஸ் ப்ராசசர் (பாட்டின் தாழ்ந்த ஒலியான பேஸைக் கூட்டும் கருவி) என்றால் ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) கீழ்ப்பகுதியை ஏற்றுவதுதான் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பதிவிலேயே இல்லாத ஒலியை ஈக்வலைசர் எப்படி ஏற்றும்? சப்ஹார்மோனிக் வகைக் கருவி 60 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து, அதில் பாதியான 30 ஹெர்ட்ஸைப் புதிதாக உண்டாக்கிச் சேர்க்கும். இன்னொரு வகை காதை ஏமாற்றும்: 80, 120, 160 ஹெர்ட்ஸ் சேர்ந்து ஒலித்தால், இல்லாத 40 ஹெர்ட்ஸும் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கருக்கு இது போதும்.

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் பழைய கேசட் உறுமி மேளத்தைக் காரில் போட்டு அதிரவிட ஆசைப்படுகிறவர்கள் முதல் வகையைப் பார்க்கலாம். ஆனால் போர்ட் (காற்றுத் துளை) வைத்த சப்வூஃபர் பெட்டி (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) என்றால் கவனம். ஒலி அந்தப் பெட்டியின் ட்யூனிங்குக்கு (போர்ட் ஒத்திசையும் ஹெர்ட்ஸ் அளவு) கீழே போனால் ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) பிடிமானமில்லாமல் ஆடி, அதை அசைக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) அடிபடும். மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாமல் தொடவே வேண்டாம். அப்புறம், பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகிற நெரிசலில் பக்கத்துக் கார்க்காரர் முறைத்தால் நான் பொறுப்பில்லை!