செலவுக் கணக்குக்கு முன் கேட்க வேண்டியவை

மூளை இரத்தக்குழாய் வீக்கத்துக்குச் (குழாய்ச் சுவர் பலவீனமாகிப் பலூன்போல் உப்பும் அனியூரிசம்) சிகிச்சை பெற வங்கதேசம், மாலத்தீவு முதலிய நாடுகளிலிருந்து சென்னைக்கு வருவோரைப் பற்றி வெளியான கட்டுரை ஒன்று, செலவை நன்றாகவே ஒப்பிடுகிறது. ஆனால் வெடித்த வீக்கத்தையும் வெடிக்காததையும் அது பிரித்துக் காட்டவில்லை. வெடித்துவிட்டால் முதல் சில நாள்களில் மீண்டும் இரத்தம் கசியும் அபாயம் மிகுதி என்பதால், விசாவுக்குக் காத்திராமல் அருகிலுள்ள நரம்பியல் மையத்தில் சேர்ப்பதே முறை. பயணத்தைப் பற்றி யோசிக்க அவகாசம் இருப்பது வெடிக்காத வீக்கத்துக்குத்தான். அதிலும் சிறியவற்றை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே பல நேரங்களில் போதும்.

மண்டையோட்டைத் திறந்து கிளிப் பொருத்துவதா, தொடை வழியாகக் குழாய் செலுத்திப் பிளாட்டினச் சுருளால் அடைப்பதா என்ற கேள்விக்கு, வெடித்த வீக்கம் கொண்ட 2143 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஐசாட் (ISAT) என்ற பன்னாட்டு ஆய்வு 2002இல் ஒரு விடை தந்தது: ஓராண்டு முடிவில் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தோர் சுருள் முறையில் 23.7 விழுக்காடு, கிளிப் முறையில் 30.6 விழுக்காடு. எனினும் சுருள் வைத்த வீக்கம் மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு கூடுதல் என்பதால், பின்னர் ஆஞ்சியோகிராம் பரிசோதனைகள் தேவைப்படும். ஃப்ளோ டைவர்ட்டர் (வீக்கத்துக்குள் பாயும் இரத்தத்தைத் திசைதிருப்ப இரத்தக்குழாயினுள் வைக்கும் வலைக்குழாய்) பொருத்தியவரோ, இரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரல் போன்ற மருந்தையும் பல மாதங்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். ஊர் திரும்பிய பின் இவற்றைக் கவனிக்கப்போகும் மருத்துவர் யார் என்பதை, பேக்கேஜ் விலை பேசும் முகவர் தாமாகச் சொல்லமாட்டார். முன்பணம் கட்டுவதற்கு முன்பே நாம்தான் கேட்க வேண்டும்.