சுவடி படிப்பவரும் ஆய்வுக்கூடத்துக்குள் வரவேண்டும்

சித்த மருத்துவச் சுவடிகளை வைத்து நடக்கும் கூட்டாய்வுகள் பலவும் ஒரே தடத்தில்தான் போகின்றன. சுவடி படிப்பவர் பெயர்த்தெழுதித் தருவார். சித்த மருத்துவர் சரக்கை அடையாளம் சொல்வார். தாவரவியலாளர் லத்தீன் பெயர் போடுவார். வேதியியலாளர் கடைசியில் வருவார். ஒருவர் கைகழுவிய பிறகே அடுத்தவர் தொடுகிறார். இந்த ஏற்பாடே தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஓலையைப் பாருங்கள். மெய்க்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே கொம்புதான். துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். ‘பரல’ என்று கீறியிருந்தால் பால் என்றும் படிக்கலாம், பரல் என்றும் படிக்கலாம். ‘செஙகொடடை’ என்றிருந்தால் செங்கோட்டை என்ற ஊரா, கொப்புளம் கிளப்பும் சேங்கொட்டையா? சேங்கொட்டை என்றால் சுத்தி செய்யாமல், அதாவது நச்சு நீக்காமல், தொடக்கூடாது. இதை முடிவு செய்ய மொழியறிவு மட்டும் போதாது, மருந்து செய்த கையும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அளவு இன்னும் ஆபத்தானது. ஒன்று என்ற எண் ககரம் போலவும், எட்டு அகரம் போலவும், கால் என்ற பின்னம் வகரம் போலவும் இருக்கும். பலம் என்ற எடை அளவுக்குப் பின்னால் வரும் அந்த ‘வ’வை அடுத்த சொல்லோடு சேர்த்துப் படித்துவிட்டால் கால் பலம் ஒரு பலமாகிவிடும். பலத்துக்கு இன்றைய கணக்கு 35 கிராம். 8.75 கிராம் போடவேண்டிய இடத்தில் நான்கு மடங்கு! பாஷாணம் என்ற நச்சுச் சரக்கு சேரும் மருந்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

பெயரைச் சரியாகப் படித்தாலும் சிக்கல் தீராது. மரமஞ்சள் என்று தமிழ்நாட்டில் கேட்டால் கடைக்காரர் தருவது காசினியம் கொடியின் தண்டு. வடக்கே அதே இடத்தில் நிற்பது பெர்பெரிஸ் என்ற வேறொரு செடி. சுவடி எந்த ஊரில் எழுதப்பட்டது என்று வரலாற்றாளர் சொல்லாமல் தாவரவியலாளர் பெயர் போடவே கூடாது.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பழைய ஆங்கிலம் படித்தவர்களும் நுண்ணுயிரியலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து, சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கண் மருந்தைச் செய்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பூண்டு, ஒயின், மாட்டுப் பித்தநீர், பித்தளைப் பாத்திரம், ஒன்பது இரவு ஊறல். கூடவே ‘கிராப்லியாக்’ என்றொரு சரக்கு. அது வெங்காயமா, லீக் தண்டா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்காமல் இரண்டு விதமாகவும் செய்தார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பதில் கண்ணாடிப் புட்டிக்குள் பித்தளைத் துண்டு போட்டார்கள். மருந்து எதிர்ப்பு பெற்ற ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியையும் அது கொன்றது. சரக்குகளைத் தனித்தனியாக வைத்துப் பார்த்தபோது அந்த வீரியம் இல்லை. ‘முக்கியமான மூலிகை பூண்டுதான்’ என்று ஆரம்பத்திலேயே பிரித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

நம்மிடம் தஞ்சாவூர் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகளும், வரைந்த கண் படங்களும் அங்குள்ள சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சரபேந்திர வைத்திய முறைகள் என்ற மருத்துவ நூல்கள் தமிழில். அரண்மனைக் கணக்குகள் மராத்தியில், மோடி எழுத்தில். பேனாவை எடுக்காமல், சொல்லுக்கு இடைவெளி விடாமல் ஓடும் எழுத்து அது. படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கண் மருத்துவர், மோடி படிப்பவர், சித்த மருத்துவர் மூவரும் ஒரே மேசையில் இல்லாமல் இதில் ஒரு அடிகூட வைக்கமுடியாது.

நடைமுறையில் என்ன செய்வது? எண்ணெய் தடவி மை பூசுவதற்கு முன்னும் பின்னும் ஏட்டைப் படமெடுங்கள், அளவுகோலும் வண்ண அட்டையும் பக்கத்தில் வைத்து. பெயர்ப்பை மூன்று பத்தியாக எழுதுங்கள்: முதலில் ஓலையில் உள்ளபடியே, புள்ளி சேர்க்காமல். அடுத்து படிக்கக்கூடிய எல்லாப் பாடங்களும், அதாவது வாசிப்புகளும். மூன்றாவதில் தேர்ந்த பாடம், தேர்ந்தவர் யார், ஏன். கிராம் கணக்கு கடைசியில் வரட்டும், மூல அளவை அழிக்காமல். அச்சு நூலைப் பார்த்து ஓலையைத் திருத்தாதீர்கள். இந்தத் தவறு ஏராளமாக நடக்கிறது, பதிப்பாசிரியரின் ஊகம் சித்தர் வாக்காக உலவுகிறது.

நிதி கேட்கும்போது சுவடி படிப்பவரின் சம்பளத்தை ‘இதர செலவு’க்குள் ஒளிக்காமல் தனித் தலைப்பில் போடுங்கள். கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரையில் வந்தால் போதாது, ஆசிரியர் வரிசையில் வரவேண்டும். ஆய்வுக்கூடத்துப் புட்டியில் ஒட்டும் சீட்டிலும் தாவரப் பெயரோடு சுவடி எண், ஏட்டு எண், வரி எண் மூன்றும் இருக்கட்டும். சோதனை பொய்த்தால் அந்த வரிக்குத் திரும்பிப்போய், விட்டுவைத்த இன்னொரு பாடத்தை எடுத்து மறுபடி காய்ச்சலாம்.