அன்னை தெரசாவின் கடிதங்களை யாரும் மறைக்கவில்லை

"அன்னை தெரசா உள்ளுக்குள் நாத்திகர், வத்திக்கான் மறைத்த கடிதங்களைப் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

கடவுளை உணர முடியாத தவிப்பைப் பற்றி அன்னை எழுதிய அந்தக் கடிதங்களை 2007ல் புத்தகமாக வெளியிட்டவர் அருள்தந்தை பிரையன் கொலோடியச்சுக். அன்னைக்குப் புனிதர் பட்டம் தருவதற்கான திருச்சபை விசாரணையை முன்னெடுத்து நடத்தியவரே அவர்தான்! கடிதங்களை அழித்துவிடச் சொன்னது அன்னை. வைத்திருந்து அச்சேற்றியது திருச்சபைக்காரர்கள். விசாரணைக் கோப்பில் அவை இருந்தபோதுதான் 2003ல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது, 2016ல் புனிதர் பட்டம்.

அப்புறம், கடவுள் இருப்பதையே உணர முடியவில்லை என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் யாரிடம்? தன் ஆன்ம வழிகாட்டிகளான குருக்களிடம். சில கடிதங்களில் இயேசுவிடமே பேசுகிறார். இல்லை என்று முடிவு கட்டியவர் அப்படிப் பேசுவாரா? 16ஆம் நூற்றாண்டிலேயே சிலுவையின் புனித யோவான் என்ற துறவி இந்த நிலையை ஆன்மாவின் இருண்ட இரவு என்று எழுதிவிட்டார்.

புத்தகம் வந்தபோது செய்தித் தலைப்பை மட்டும் பார்த்து நானும் ஆடிப்போனேன். கடிதங்களைப் படித்த பிறகுதான், ஜெபமாலை சொல்லும்போது எனக்கு ஒன்றுமே தோன்றாத நாட்களைப் பற்றிய குற்றவுணர்வு குறைந்தது. உங்களுக்கு வேறு மாதிரி படலாம், அது உங்கள் விருப்பம். மறைத்தார்கள் என்பதை மட்டும் திருத்திவிடுங்கள்.