ஜென்னர் சோதித்தது சொந்த மகனையா?

"பெரியம்மைத் தடுப்பூசியை ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் முதலில் தன் மகனுக்குப் போட்டார், பிள்ளை அதனால் இறந்தான்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு.

1796 மே 14 அன்று, பெரியம்மையைத் தடுக்க, பசு அம்மைச் (மாடுகளிடமிருந்து தொற்றும் லேசான அம்மை) சீழை ஜென்னர் ஏற்றியது, தன் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸுக்கு, அவன் கையைக் கீறி. (ஊசி என்பதே பிழை; தோலுக்குள் மருந்து ஏற்றும் ஊசிக்குழல் அப்போது கிடையாது.) சீழ், சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து வந்தது.

சொந்த மகனுக்கு 1789இல் பன்றியம்மைச் சீழை ஏற்றியது உண்மைதான். குழப்பம் அங்கே தொடங்கியிருக்கலாம். ஆனால் அந்த மகன் இறந்தது 1810இல், காசநோயால். மனைவி கேத்தரினையும் 1815இல் அதே நோய்தான் கொண்டுபோனது.

பிப்ஸுக்குப் பின்னாளில் வாடகையில்லாமல் வீடு கொடுத்தார் ஜென்னர். 1823 ஜனவரியில் பக்கவாதத்தால் அவர் இறந்தபோது, இறுதிச் சடங்கில் பிப்ஸும் நின்றிருந்தார்.