மீன் எண்ணெய் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மூட்டுவலிக்கு மீன் எண்ணெய் மாத்திரை நல்லதா என்று குன்னூரில் இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எவ்வளவு சாப்பிட வேண்டும், எதற்கு உதவாது என்பதை மறைத்து விற்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எங்கள் லைனில் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவருக்குச் சரவாங்கி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கி வீங்கவைக்கிற முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது, டீ டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் இடுக்கித்தான் தூக்குவார். "இது இயற்கை, இங்கிலீஷ் மருந்தை நிறுத்திடலாம், தினம் ஒண்ணு போடுங்க" என்று யாரோ ஒரு டப்பாவை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மில்லிகிராம். பின்பக்கம் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120. வீக்கத்தைக் குறைக்கிற சரக்கு, ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இந்த இரண்டும்தான். கூட்டினால் 300 மில்லிகிராம். சரவாங்கிக்காரர்களிடம் நடந்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது இந்த இரண்டும் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 3 கிராம் அளவில், அதுவும் இரண்டு மூன்று மாதம் விடாமல் எடுத்த பிறகு. அப்படிப் பார்த்தால் இந்த மாத்திரை தினம் பத்து வேண்டும். கிடைத்த பலனும் காலை விறைப்பு குறைந்தது, வலி மாத்திரையின் தேவை குறைந்தது என்ற அளவில்தான். மூட்டு அரிபட்டுத் தேயாமல் காக்கிற மருந்துக்கு இது மாற்றே இல்லை. அந்த மருந்தை நிறுத்தி, ஒருமுறை மூட்டு அரிபட்டுவிட்டால் போனது போனதுதான்.

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது? வீக்கத்தையும் வலியையும் கிளப்புகிற புராஸ்டாகிளாண்டின்கள் பெரும்பாலும் நம் செல் சவ்வில் இருக்கும் அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பிலிருந்து உருவாகின்றன. மீன் சாப்பிடச் சாப்பிட அந்த இடத்தை இபிஏ கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறது. அதிலிருந்தும் அதே வகைப் பொருள்கள் வரும், ஆனால் வீரியம் கம்மி. அப்புறம் ஹார்வர்டின் சார்ல்ஸ் செர்ஹான் குழு கண்டுபிடித்த ரிசால்வின்கள் இருக்கின்றன. கிளம்பிய வீக்கத்தை அடக்கி முடித்துவைக்கும் இவையும் இபிஏ, டிஹெச்ஏவிலிருந்தே பிறக்கின்றன. சவ்வு மாறவே வாரக்கணக்காகும். ஊட்டியில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் போலத் தேய்த்ததும் சுள்ளென்று பிடிக்கிற சமாச்சாரம் இல்லை இது.

சரவாங்கி இல்லாத மற்றவர்களுக்கு நான் சொல்வது, மாத்திரைக் காசில் மத்தி வாங்குங்கள். மலையில் மத்திக்கு மரியாதையே இல்லை. விருந்தாளி வந்தால் வஞ்சிரம்தான் வாங்க வேண்டும், மத்தி என்றால் நாற்றம் என்று முகத்தைச் சுளிக்கிறோம். கூடலூர்க்காரர்கள் பரவாயில்லை, கேரளாவிலிருந்து நாடுகாணி வழியாக வருகிற மத்தியை விடமாட்டார்கள். 100 கிராம் சதையில் அந்த இரண்டு அமிலங்களும் சேர்ந்து ஒரு கிராமை ஒட்டி இருக்கும். சீசனைப் பொறுத்துக் கூடும், குறையும். அயிலையும் நெத்திலியும்கூட நல்லதுதான். மலிவாகக் கிடைக்கிற ஜிலேபி மீனில் இது ரொம்பக் குறைவு. வாரம் இரண்டு நாள் போதும். எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், மீனிலிருந்து இறங்குகிற கொழுப்பு குழம்போடு சோற்றுக்கு வந்துவிடும்.

சைவக்காரர்களுக்கு ஆளி விதையைக் காட்டுகிறார்கள். சாப்பிடலாம், ஆனால் அதில் இருப்பது வேறு அமிலம். உடம்பு அதில் சிறு பங்கைத்தான் இபிஏவாக மாற்றும். கடல் நுண்பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் மாத்திரை நேர்வழி. மீனுக்கே இது பாசியிலிருந்துதான் போய்ச் சேருகிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மீன் எண்ணெய் மாத்திரையில் கைவைக்காதீர்கள். அளவு கூடினால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது என்பதும் பெரிய ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மீன் ஈரல் எண்ணெய் வேறு, மீன் எண்ணெய் வேறு. சின்ன வயதில் நமக்குக் கொடுத்த மஞ்சள் மாத்திரை ஈரல் எண்ணெய், அதில் வைட்டமின் ஏ நிறைய. வலி போகட்டும் என்று அதைப் பத்து, பத்தாக விழுங்கினால் ஈரலுக்குக் கேடு. கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.