கேழ்வரகு 2 மி.மீ. சல்லடையில் தங்காது
பழங்காலத் தானியங்களைத் தேட, அகழாய்வு மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்தால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதாது. பழைய வடாற்காடு மாவட்டத்துப் பையம்பள்ளி அகழாய்வில் கிடைத்த கரிந்த கொள்ளு, பச்சைப்பயறு எல்லாம் பெரிய மணிகள். கேழ்வரகும் சாமையும் ஓட்டை வழியே போய்விடும்.

அகழாய்வில் வெளிப்படும் அடுப்பு, குழி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 20 லிட்டர் மண் எடுத்து, பக்கெட் தண்ணீரில் கையால் மெல்லக் கலக்கி, மிதக்கும் கரிந்த விதைகளையும் கரித்துண்டுகளையும் 0.3 மி.மீ. வலையில் வடிக்க வேண்டும். ஏரிக் களிமண் லேசில் கரையாது. சமையல் சோடா போட்டு ஊறவிடலாம். அடி வண்டலையும் கொட்டிவிடாதீர்கள், கொள்ளு சில சமயம் மூழ்கிவிடும். காயவைப்பது நிழலில்தான். வெயிலில் ஈரக்கரி விரிசல் விட்டு உதிரும். கரியாத விதை அகப்பட்டால் துள்ள வேண்டாம். பெரும்பாலும் அது போன வருஷம் எறும்பு இழுத்துப்போட்டது.