கல்லாவில் ஐந்நூறு ரூபாய் அதிகம்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. தை மாதம், காலை பத்தரை மணி. மல்லிகை வரத்து ஓய்ந்துவிட்டது. தரையில் மிதிபட்ட மொட்டுகளும் ஈரச் சாக்குகளும்தான் மிச்சம். கணக்குப்பிள்ளைக்கு வயது 67, கடைக்கு வந்து 41 வருடம். பாப்பாவுக்கு 22, கடைக்கு வந்து நாலு மாதம். அவளுக்கு ஒரு பெயர் உண்டு, பி.காம். சான்றிதழிலும் இருக்கிறது. ஆனால் முதல் நாள் கணக்குப்பிள்ளை "பாப்பா" என்று கூப்பிட்டார். அத்தோடு சரி, மார்க்கெட்டே அதை வைத்துக்கொண்டது.

பாப்பா: ஐயா, மூன்றாவது தடவை எண்ணிவிட்டேன். கல்லாவில் ஐந்நூறு ரூபாய் இடிக்கிறது.

கணக்குப்பிள்ளை: குறையுதா?

பாப்பா: கூடுகிறது.

கணக்குப்பிள்ளை: (மூக்குக்கண்ணாடியைக் கழற்றி) ஐயையோ!

பாப்பா: அதிகமாகத்தானே இருக்கிறது, எதற்கு ஐயையோ?

கணக்குப்பிள்ளை: குறைந்தால் ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கிறார் என்று அர்த்தம் தாயி. கூடினால் எத்தனை பேர் பண்ணியிருக்கிறார்கள் என்றே தெரியாது. அதிலும் இந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு இருக்கிறதே, 2016 நவம்பரிலேயே என்னைத் தூங்கவிடவில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் செல்லாது என்று டிவியில் சொல்கிறார்கள், இங்கே கல்லா நிறைய அதுதான்.

பாப்பா: நான் அப்போது ஏழாவது படித்தேன். எங்களுக்கு லீவு விடுவார்கள் என்று பார்த்தோம், விடவில்லை.

கணக்குப்பிள்ளை: ஆளுக்கு ஒரு நஷ்டம். சரி, உன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடு. நீ சொல்லிக்கொடுத்த வைத்தியம்தானே.

பாப்பா: போட்டாயிற்று. அது சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் சிட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை: பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்த சிட்டை. அதை எங்கே அணைத்துப் போடுவது?

பாப்பா: வரி வரியாகப் படிக்கலாம், வாங்க. நிலக்கோட்டைக்காரர் மூட்டை. தராசில் 20 கிலோ 400. நீங்கள் 20 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நானூறு கிராம் எங்கே போச்சு?

கணக்குப்பிள்ளை: பனியில் போச்சு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். காலையில் அந்த மூட்டையை அவிழ்த்ததும் கணக்குப்பிள்ளை அடியில் கையை விட்டு ஒரு பிடி மொட்டு அள்ளினார். பொத்திப் பிடித்தார், நசுக்கவில்லை. விரலை விரித்துக் காட்டினார். உள்ளங்கை ரேகையெல்லாம் தண்ணீர். வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "இருபதே போடுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். தராசில் அதற்குப் பட்டன் கிடையாது.

பாப்பா: அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் "பனி" என்று ஒரு கட்டம் இல்லையே ஐயா.

கணக்குப்பிள்ளை: போட்டுவிடு. பனியால்தானே தையில் பூ வராமல் விலை ஏறுகிறது? விலையை ஏற்றுகிறவனுக்கு ஒரு கட்டம்கூட இல்லையா?

பாப்பா: (தட்டிக்கொண்டே) போட்டுவிட்டேன். தராசு மேலும் சந்தேகப்படுவீர்களா?

கணக்குப்பிள்ளை: அது டிஜிட்டல்தான், யார் இல்லை என்றது? ஆனால் தரை பள்ளம். ஒரு பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கீழே என்ன அண்டக் கொடுத்திருக்கிறேன், பார்.

பாப்பா: (குனிந்து) பழைய பேரேடு!

கணக்குப்பிள்ளை: 1998. நல்ல கெட்டி அட்டை. உன் தராசு நிமிர்ந்து நிற்பதே என் பேரேட்டு மேல்தான்.

பாப்பா: அடுத்து, ஓட்டல்காரர். எடை இருக்கிறது, விலை இல்லை. வெறும் கோடு போட்டிருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை: அது துண்டுக்கு அடியில் பேசியது.

பாப்பா: பூ மார்க்கெட்டில் எதற்கு ஐயா துண்டு?

கணக்குப்பிள்ளை: இந்த இடத்துக்கே மாட்டுச் சந்தையால் வந்த பேர்தான். எங்கள் அப்பா மாட்டுத் தரகர். துண்டைப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு எழவும் புரியாது. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஓட்டல்காரரும் அந்தக் காலத்து ஆள்.

பாப்பா: வாட்ஸ்அப்பில் இதற்குத்தான் என்கிரிப்ஷன் என்று பேர். சரி, கையைக் கொடுங்கள். எத்தனை விரல் பிடித்தீர்கள்?

கணக்குப்பிள்ளை: (துண்டைப் போட்டு) இத்தனை.

பாப்பா: ஒரு விரல் என்றால் நூறா, ஆயிரமா?

கணக்குப்பிள்ளை: அது எதிரில் நிற்கிற ஆளைப் பொறுத்தது.

பாப்பா: ஐயா! 2013லேயே மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அதன் விலையை இன்னும் துண்டுக்குள் வைத்திருக்கிறீர்களே.

கணக்குப்பிள்ளை: பூவுக்கு 2013இல் வந்தது. எனக்குப் பாஸ்வேர்டு வந்ததே போன மாசம்தான். மெதுவாகப் போ.

பாப்பா: அந்தப் பாஸ்வேர்டையும் சிட்டை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை: தொலைந்துவிடக் கூடாதில்லையா?

(ஓட்டல்காரர் கணக்கு சரியாக இருந்தது. திருமங்கலம், உசிலம்பட்டி மூட்டைகளும் சரி. துபாய்க்குப் போகிற தெர்மாகோல் பெட்டிகளும் ஐஸ் செலவோடு சரி. பாப்பா நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.)

பாப்பா: ஐயா, ஒன்று சொன்னால் திட்டக் கூடாது. அந்த ஐந்நூறு என்னுடையது.

கணக்குப்பிள்ளை: என்னது?

பாப்பா: ஒன்பது மணிக்கு நீங்கள் டீ குடிக்கப் போனீர்கள் இல்லையா, அப்போது எண்ணினேன். ஐந்நூறு குறைந்தது. யாருக்கோ சில்லறை கூடக் கொடுத்துவிட்டீர்கள் போல என்று நினைத்தேன். கேட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே. ஏடிஎம்முக்குப் போய் எடுத்து வந்து போட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை: (நீண்ட மௌனம்) எடுத்துக்கொள். இப்போது சரியா?

பாப்பா: (நோட்டை எடுத்து) பைசா சுத்தம். அப்பாடா!

கணக்குப்பிள்ளை: அப்பாடா சொல்லாதே. இன்னொரு ஐந்நூறு என்னுடையது.

பாப்பா: ஐயா!

கணக்குப்பிள்ளை: நீ ஏடிஎம் போன நேரத்தில் நானும் எண்ணினேன். சின்னப் பிள்ளை, அவசரத்தில் எங்கேயோ விட்டிருப்பாய், முதலாளிக்குத் தெரிந்தால் திட்டு விழும் என்று இடுப்பு மடிப்பில் இருந்ததை எடுத்துப் போட்டேன்.

பாப்பா: எண்ணிப் பார்க்காமல் நான் வந்து மேலே ஒன்று போட்டிருக்கிறேன். எதற்கு ஐயா இதெல்லாம்?

கணக்குப்பிள்ளை: முதலாளி உன்னைச் சேர்த்த அன்றைக்கே என்னிடம் சொன்னார். "சின்னப் பொண்ணு, பார்த்துக்கங்க" என்று.

பாப்பா: என்னிடமும்தான் சொன்னார். "பெரியவர், பார்த்துக்கம்மா" என்று.

கணக்குப்பிள்ளை: அப்போ கடையை யார் பார்த்துக்கொள்வது?

(அவர் தன் நோட்டையும் எடுத்துக்கொண்டார். கல்லாவில் மறுபடி ஐந்நூறு குறைந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.)

பாப்பா: கால் கிலோ மல்லி விலை. இன்றைக்குக் கால் கிலோ யார் வாங்கினார்கள்?

கணக்குப்பிள்ளை: எதிரில் பூக் கட்டுகிற அக்கா. கையில் ரொக்கம் இல்லாமலா வாங்கும் என்று ரொக்கத்தில் எழுதினேன்.

பாப்பா: (போனைத் தடவி) ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம். ஐந்நூறு, ஜிபே! பணம் பேங்கில் இருக்கிறது. போனைக் காட்டி அனுப்பியதை நீங்கள் பார்க்கவில்லையா?

கணக்குப்பிள்ளை: போனைக் காட்டியது. பேத்தி போட்டோ என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்றேன். பணம் வந்தால் உன் பெட்டி கத்துமே, அது ஏன் கத்தவில்லை?

பாப்பா: (மெதுவாக) சத்தத்தைக் குறைத்து வைத்தது நான்தான். அது "பெறப்பட்டது" என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் "ரொம்பச் சந்தோஷம் தாயி" என்று பதில் சொல்கிறீர்கள். சுமைதூக்குகிற பையன்கள் சிரித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை: சிரித்தால் சிரிக்கட்டும். பணம் கொண்டுவருகிறவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டாமா? கூட்டி வை.

(பாப்பா சத்தத்தைக் கூட்டினாள். ஒருவர் உதிரிப் பூ வாங்கிக்கொண்டு போனை நீட்டினார். "இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி அலறியது.)

கணக்குப்பிள்ளை: ரொம்பச் சந்தோஷம் தாயி. எழுதிக்கோ.

பாப்பா: எந்தத் தாயியைச் சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை: பெட்டியைத்தான். நீயும் எழுதிக்கோ.